மூடின கார் போர்ச்சுல சூட்டைக் குறைக்கிறது எப்படி: கூரையில தொடங்கி ஏர்கோன்ல முடிக்கிற முழுமையான வழிகாட்டி

நம்ம டெரஸ் வீட்டுல கராஜ்னு தனியா ஒண்ணு கிடையாது. இருக்கிறது கார் போர்ச்தான், அதுக்கு மேல சிங்க் ஆனிங் (தகரக் கூரை) போட்டு, முன்னால ரோலர் ஷட்டர் மாட்டி, சைடுல ரெண்டு செவரு ஏத்திட்டா அதுதான் கராஜ், அதுதான் ஸ்டோர், அதுதான் பட்டறை, தீபாவளிக்கு முறுக்கு சுடுற இடமும் அதுதான், பையனுக்கு ஜிம்மும் அதுதான். கோலாலம்பூர் பக்கம் செந்தூல், கெப்போங், செலாயாங், பூச்சோங்னு எந்த தாமானுக்குப் போனாலும் இப்படித்தான் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள பத்து நிமிஷம் நிக்க முடியாது, உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை எச்பி ஏர்கோன் போடலாம்?" ஏர்கோன் கடைசி வேலை. கூரையைச் சரி பண்ணாம ஏர்கோன் போட்டா மாசா மாசம் கரண்ட் கம்பெனி தெனாகாவுக்குத்தான் லாபம்.

ஏன் கூரைன்னு கேப்பீங்க. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கதான் இருக்கு, அதனால வருஷம் முழுக்க நடுப்பகல் சூரியன் 60 டிகிரிக்குக் கீழ இறங்கவே இறங்காது, மார்ச் கடைசியிலயும் செப்டம்பர் நடுவுலயும் நேரா உச்சந்தலைக்கு மேலயே வந்து நிக்கும். செவருல படுற வெயிலை விட கூரையில படுற வெயில்தான் அதிகம்.

சின்னதா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. போர்ச் 20 அடிக்கு 18 அடின்னா சுமார் 33 சதுர மீட்டர். நல்ல வெயில்ல வெறும் சிங்க் 60 டிகிரிக்கு மேல சுலபமா போகும், அந்தத் தகடு கீழ்நோக்கி விடுற சூடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 வாட், மொத்தமா 6 கிலோவாட். பி.டி.யு கணக்குல சுமார் 20,000, அதாவது 2 எச்பி ஏர்கோனோட முழு சக்தியும் கூரை சூட்டை மட்டும் இழுக்கவே போயிடும். அதே கூரைக்கு ஒழுங்கா இன்சுலேஷன் போட்டு யு-வேல்யூவ (கூரை வழியா எவ்வளவு சூடு கடக்குதுங்கிற அளவு, கம்மியா இருந்தா நல்லது) 0.4க்குக் கொண்டு வந்தா அந்த 6 கிலோவாட் 400 வாட்டுக்கும் கீழ வந்துடும். இந்த 0.4ங்கிறது நான் எடுத்து விட்ட நம்பர் இல்ல, எம்.எஸ். 1525ங்கிற மலேசியத் தரத்துல லேசான கூரைக்குன்னு போட்டிருக்கிற உச்ச வரம்பு. நம்ம போர்ச்ச யாரும் வந்து அளக்கப் போறதில்ல, ஆனா குறி வைக்கிறதுக்கு நல்ல நம்பர்.

வேலை தொடங்குறதுக்கு முன்னால

மொதல்ல மேல என்ன கூரைன்னு பாருங்க. சிங்க்கா, மெட்டல் டெக்கா, பாலிகார்பனேட்டா, இல்ல பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டா. பழைய வீடு, சாம்பல் கலர்ல அலை அலையா சிமெண்ட் மாதிரி ஷீட் இருந்தா அஸ்பெஸ்டாஸா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுல துளை போடாதீங்க, அறுக்காதீங்க, ஜெட் அடிச்சுக் கழுவாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனா திரும்பி வராது. அதை எடுக்கிறதுக்குன்னே பதிவு பண்ணின ஆளுங்க இருக்காங்க, அவங்களக் கூப்பிடுங்க. பாலிகார்பனேட்னா வெளிச்சத்தோட வெயிலும் சேர்ந்து உள்ள வருது, அதுக்குக் கீழ எதை ஒட்டினாலும் பாதிப் பலன்தான், மாத்த முடிஞ்சா மாத்திடுங்க.

ரெண்டாவது, ஒழுகுதான்னு பாருங்க. நம்ம ஊர் சாயங்கால மழை ஒண்ணு அடிச்சா போதும், தெரிஞ்சிடும். ஸ்க்ரூ தலையில இருக்கிற ரப்பர் வாஷர் வெயில்ல வெடிச்சிருக்கும், வீட்டுச் செவரும் ஆனிங்கும் சேர்ற இடத்துல சிலிக்கன் பிரிஞ்சிருக்கும். இதையெல்லாம் அடைக்காம மேல ராக்வூல் (கல்லுலேர்ந்து செய்ற இன்சுலேஷன் பஞ்சு) வச்சீங்கன்னா அது தண்ணிய குடிச்சுட்டு உக்காந்திருக்கும், ஒரு நாள் சிலிங்கோட கீழ வரும்.

மூணாவது பெர்மிட். இருக்கிற போர்ச்சுக்குள்ள இன்சுலேஷன் போடுறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா திறந்திருக்கிற போர்ச்ச புதுசா செவரு வச்சு மூடுறதுன்னா கோலாலம்பூர் மாநகராட்சியான டி.பி.கே.எல்லோ உங்க ஏரியா நகராண்மைக் கழகமோ அனுமதி கேக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கலன்னு நீங்களும் எடுக்காம விட்டுட்டு அப்புறம் நோட்டீஸ் வந்து இடிக்கச் சொன்னா செலவு உங்களோடதுதான்.

நாலாவது, அளந்து வச்சுக்குங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு ஹார்ட்வேர் கடையில வாங்கிக்குங்க, கோவிட் நேரத்துல வாங்கின நெத்தி தெர்மாமீட்டர் ஆகாது, அது உடம்பு சூடு அளவுக்குத்தான் காட்டும். மத்தியானம் ரெண்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் கூரையோட அடிப்பக்கம், நாலு செவரு, ஷட்டர், தரை எல்லாத்தையும் அளந்து எழுதி வைங்க. எது அதிகமோ அதுதான் உங்க எதிரி. ஒரு சூட்சுமம் இருக்கு: பளபளன்னு இருக்கிற ஃபாயில் மேல நேரா காட்டினா தப்பா காட்டும், பளபளப்பு மத்த எடத்து சூட்டைப் பிரதிபலிக்கும். ஒரு துண்டு மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதுமேல காட்டுங்க.

முதல் வேலை: கூரைக்கு மேல் பக்கம்

காசு கம்மின்னா இதை மட்டும் செஞ்சாலே வித்தியாசம் தெரியும். கூரைய வெள்ளை அடிங்க. சாதா வெள்ளை பெயிண்ட் இல்ல, ஹீட் ரிஃப்ளெக்டிவ்னு விக்கிற கூரை பெயிண்ட், புதுசுல வெயில்ல பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிடும். பிரச்சினை என்னன்னா நம்ம ஈரத்துல ஒரு வருஷத்துலயே கருப்பா பாசி படிய ஆரம்பிச்சிடும், ஜெரிபு (புகைமூட்டம்) வந்தா அந்தப் புகையும் சேர்ந்து படியும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவை கழுவித்தான் ஆகணும், இல்லன்னா கொடுத்த காசு பாசிக்குள்ள போயிடும்.

அடிக்கிற முறை: ஜெட்ல கழுவி, பாசி மருந்து அடிச்சு, துரு இருக்கிற எடத்தைத் தேச்சு ப்ரைமர் போட்டு, காய விட்டு, ரெண்டு கோட். காலையில எட்டுலேர்ந்து பத்துக்குள்ள முடிங்க, பதினொரு மணிக்கு மேல தகடு சுட்டா பெயிண்ட் ஒட்டுறதுக்கு முன்னாலயே காஞ்சு தோலா வரும். மேல ஏறுறவங்க ஸ்க்ரூ வரிசை மேலயே கால் வச்சு நடங்க, அதுக்கு அடியிலதான் இரும்புச் சட்டம் இருக்கு, நடுவுல வச்சா தகடு மடங்கி அந்த எடமே அப்புறம் ஒழுகும்.

ரெண்டாவது வேலை: கூரைக்கு அடிப்பக்கம்

இங்கதான் பெரும்பாலான பேர் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

கடையில "பபுள் ஃபாயில்"னு ரோல் ரோலா விப்பான். அது கனமான இன்சுலேஷன் இல்ல, சூட்டைக் கதிரா விடாம தடுக்கிற பொருள். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால காத்து இடைவெளி இருந்தாதான் அது வேலை செய்யும், குறைஞ்சது 25 மில்லிமீட்டர். ஃபாயில தகட்டோட ஒட்டி அதுக்குக் கீழயே சிலிங் போர்டையும் இடிச்சுப் போட்டுட்டா ரெண்டு பக்கமும் அடைபட்டு வெறும் மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டாத்தான் இருக்கும். ஒரு பக்கம்தான் பளபளப்புன்னா அதைக் கீழ்நோக்கி வைங்க, மேல்நோக்கி வச்சா தூசியும் பல்லி எச்சமும் படிஞ்சு கொஞ்ச நாள்ல மங்கிடும்.

அடுக்கு மேலேர்ந்து கீழ இப்படி வரணும்: தகடு, ஒரு இடைவெளி, ஃபாயில், மறுபடி ஒரு இடைவெளி, ராக்வூல், கடைசியா சிலிங் போர்டு. ராக்வூல் 50 மில்லிமீட்டர் ரெண்டு அடுக்கு போட்டீங்கன்னா மேல சொன்ன 0.4 கிட்ட வந்துடலாம். ரெண்டாவது அடுக்கோட ஜாயிண்ட் முதல் அடுக்கோட ஜாயிண்ட் மேல வராம தள்ளி வைங்க. அமுக்கித் திணிக்காதீங்க, உள்ள இருக்கிற காத்துதான் சூட்டைத் தடுக்குது, அமுக்கினா அந்தக் காத்து போயிடும். முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க் கண்டிப்பா வேணும், இல்லன்னா ரெண்டு நாளைக்கு சொறிஞ்சுகிட்டே இருப்பீங்க. சட்டத்துக்குப் பலகை வேண்டாம், கரையானுக்கு விருந்து வைக்கிற வேலை, ஜி.ஐ (துத்தநாகம் பூசின இரும்பு) சேனல் போடுங்க.

இப்ப ஈரம். நாம பாக்குற வீடியோ முக்காவாசி குளிர் நாட்டுக்காரன் போட்டது, அவன் பிளாஸ்டிக் ஷீட்ட உள்பக்கம் அடிப்பான், ஏன்னா அவனுக்கு ஈரம் வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய போகுது. நமக்குத் தலைகீழ். வெளிக்காத்துல எப்பவும் ஈரம், பனி நிலை 24 டிகிரி கிட்டயே நிக்கும், அதாவது 24க்குக் கீழ குளிர்ந்த எந்தப் பரப்புலயும் அந்தக் காத்து பட்டா தண்ணி முத்து முத்தா நிக்கும். ஏர்கோன் போட்ட அறைன்னா ஈரம் வெளியேர்ந்து உள்ள தள்ளும், அதனால தடுப்பு வெளிப்பக்கம்தான் இருக்கணும். நம்ம அடுக்குல மேல இருக்கிற ஃபாயிலே அந்தத் தடுப்பு, ஜாயிண்ட் எல்லாம் அலுமினியம் டேப் போட்டு ஒட்டிடுங்க. உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட், வினைல் வால்பேப்பர் எதுவும் வேண்டாம், சாதா எமல்ஷன் பெயிண்ட் போதும். மாத்தி செஞ்சா உள்ள மாட்டின ஈரம் வெளிய வர வழியில்லாம கருப்புக் காளான் பிடிக்கும், அந்த வாடை ஒரு தடவை வந்துட்டா போகாது.

இன்னொண்ணு, வானம் தெளிஞ்ச ராத்திரியில தகடு காத்தை விடக் குளுந்து போகும், விடியக்காலையில அடிப்பக்கம் சொட்டு சொட்டா நிக்கிறதைப் பாத்திருப்பீங்க, கார் கண்ணாடி மேல புள்ளி புள்ளியா விழுந்திருக்கும். அது ஒழுகல் இல்ல. ஃபாயில லேசா தொய்வா விட்டு சாக்கடைப் பக்கம் சரிவா வச்சா அந்தத் தண்ணி ராக்வூல் மேல விழாம ஓடிடும்.

பி.யு (பாலியூரித்தேன்) ஃபோம் ஸ்ப்ரே பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. சூடு தடுக்கிறதுல அதுதான் பலசாலி, ராக்வூல விட மெல்லிசா போட்டா போதும், தகட்டோட ஒட்டிக்கிறதால தண்ணி முத்தும் வராது, மழைச் சத்தமும் குறையும். ஆனா எரியும், எரிஞ்சா வர்ற புகை ஆளைக் கொல்லும். வெள்ளை பாலிஸ்டைரீனும் அப்படித்தான். வெல்டிங் அடிக்கிற, கிரைண்டர் ஓட்டுற, பெட்ரோல் வைக்கிற, முறுக்குக்கு கேஸ் அடுப்பு பத்த வைக்கிற இடத்துல ஃபோம வெறுமனே தெரியுற மாதிரி விடாதீங்க, கீழ ஜிப்சம் போர்டு போட்டு மூடியே ஆகணும். என்னைக் கேட்டா போர்ச்சுக்கு ராக்வூல்தான், எரியாது.

ஒயர் விஷயத்துல விளையாடாதீங்க. ஃபாயில் மின்சாரம் கடத்தும். ஆஸ்திரேலியாவில 2009ல அரசாங்க உதவியில வீட்டுக்கு வீடு இன்சுலேஷன் போட்டப்ப ஃபாயில் அடிச்ச ஆணி ஒயர்ல ஏறி வேலையாள் செத்திருக்காங்க, 2010 பிப்ரவரியில ஃபாயில் போடுறதையே அங்க நிறுத்திட்டாங்க. மெயின் ஸ்விட்ச்ச அணைச்சுட்டுத்தான் ஃபாயில் அடிக்கணும், பழைய ஒயரையெல்லாம் பைப்புக்குள்ள போட்டுடணும். லைட்டு சிலிங்குக்குள்ள புதைக்கிற மாதிரி வேண்டாம், மேல ஒட்டுற எல்இடி போதும். ஷட்டர் மோட்டார் பக்கத்துல திறந்து பாக்குற கதவு ஒண்ணு விட்டு வைங்க, இல்லன்னா மோட்டார் கெட்டுப் போறப்ப சிலிங்க உடைக்க வேண்டி வரும்.

மூணாவது வேலை: மேற்குச் செவரும் ஷட்டரும்

நாலு செவருக்கும் இன்சுலேஷன் போடணும்னு கொட்டேஷன் குடுத்தா ஒத்துக்காதீங்க. பக்கத்து வீட்டோட ஒட்டின செவருக்கு வேண்டியதில்ல. வெயில் படுற மேற்குச் செவருக்கு மட்டும் போதும். 1982ல கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளினதுலேர்ந்து நமக்கு உச்சி வெயிலே ஒண்ணே கால் மணி வாக்கிலதான், அதனால மேற்குப் பக்கம் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வாட்டும், நாலரை அங்குல செங்கல் செவரு அதை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உள்ள விடும். எட்டு மணிக்குச் செவருல கை வச்சுப் பாருங்க, புரியும்.

செவருக்கு வெளியேயே நிழல் குடுக்கிறதுதான் சிறந்த வழி. கருப்பு வலை, மூங்கில் பிடாய் (சுருட்டுற தட்டி), கொடி, எது வேணா, செவருலேர்ந்து ஒரு அடி தள்ளி. உள்ள திரை போடுறது ரெண்டாம் பட்சம், ஏன்னா சூடு ஏற்கனவே உள்ள வந்துடுச்சு. அதுக்கும் மேல வேணும்னா உள்பக்கம் சேனல் அடிச்சு 50 மில்லி ராக்வூல், மேல சிமெண்ட் போர்டு.

ஷட்டர் சுருளுற சாமான், அதுல எதையும் ஒட்ட முடியாது. மேற்குப் பாத்த ஷட்டர்னா வெளிய ஒரு பிடாய், உள்ள ரெண்டு அடி தள்ளி தடிமனான பி.வி.சி திரை. ஷட்டரையே மாத்துற எண்ணம் இருந்தா நடுவுல ஃபோம் வச்ச பலகைக் கதவு, மேல மடிஞ்சு போற மாதிரி கிடைக்குது, விலை அதிகம்தான்.

தரையை மட்டும் தொடாதீங்க. குளிர் நாட்டு வீடியோவில தரைக்கும் இன்சுலேஷன் போடுவான், நம்ம மண்ணுக்கடியில ஏறக்குறைய 27, 28 டிகிரி, மத்தியானத்துல உங்க போர்ச்சுலயே குளிர்ச்சியான இடம் அந்த சிமெண்ட் தரைதான். ரப்பர் பாய் போட்டு அதை மூடுறது கூட நஷ்டம்.

நாலாவது வேலை: காத்து

இங்க ஒரு முடிவு எடுக்கணும். காத்தோட்டமா, ஏர்கோனா? ரெண்டையும் பாதி பாதி வச்சா ரெண்டும் உருப்படாது.

காத்தோட்டம்னா: கீழ வழி, மேல வழி. வீட்டு நிழல் விழுற பக்கத்துல தரையோரம் காத்து உள்ள வர வழி, எதிர்ப்பக்கம் உச்சியில வெளிய போற வழி, அதுல எக்ஸாஸ்ட் காத்தாடி. உள்ள வர்ற வழி சின்னதா இருந்தா காத்தாடி சும்மா கத்தும், அவ்வளவுதான். ரெண்டு வழிக்கும் கொசு வலை கட்டாயம். வேலை செய்யுதான்னு பாக்க ஒரு ஊதுபத்தி போதும்: பத்த வச்சு கீழ்வழி கிட்ட பிடிங்க, புகை உள்ள படுத்து வரணும், அப்புறம் மேல ஏறி காத்தாடி பக்கம் இழுபடணும். அங்கயே சுத்திச் சுத்தி நின்னா வழியைப் பெருசாக்குங்க. ஆள் மேல அடிக்கிற செவுத்துக் காத்தாடி ஒண்ணும் வேணும், அது காத்தைக் குளிர வைக்காது, ஆனா வேர்வை காய்ற வேகத்துல ரெண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும்.

தண்ணி ஊத்துற ஏர் கூலர் வாங்கிடாதீங்க. அது காஞ்ச ஊர்ச் சாமான். நம்ம காத்துல ஏற்கனவே தண்ணி நிறைஞ்சிருக்கு, மூடின அறைக்குள்ள அதை ஓட்டினா கொஞ்ச நேரத்துல புழுக்கம் பிடிக்கும், ஸ்பேனர் எல்லாம் துரு ஏறும்.

கார் எஞ்சின் சூடு கணக்குல யாரும் சேக்குறதில்ல. ஓட்டிட்டு வந்த வண்டிய உடனே உள்ள ஏத்தி ஷட்டர மூடாம வெளிய அரை மணி நேரம் விடுங்க. மூடின போர்ச்சுல எஞ்சின ஓட்டவே கூடாது, ஜென்செட்டும் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பழைய ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் வச்சிருந்தா அதுவும் இருபத்திநாலு மணி நேரம் சூடு விடுற மெஷின்தான்.

கடைசி வேலை: ஏர்கோன்

மேல சொன்னதெல்லாம் முடிச்சு ஒரு வாரம் இருந்து பாருங்க, சில பேருக்குக் காத்தாடியே போதும்னு ஆயிடும். வேணும்னா இப்ப இடைவெளியெல்லாம் அடைக்கணும்: ஷட்டர் அடியில ரப்பர், பக்கவாட்டுல பிரஷ், எக்ஸாஸ்ட் வழிக்கு மூடி. ஊதுபத்தி இதுக்கும் உதவும்.

20க்கு 18 அடி போர்ச்சுக்கு கூரை வேலை முடிச்சிருந்தா ஒன்றரை எச்பி, கூடிப்போனா 2. "அண்ணே, 3 எச்பி போட்டுடுங்க, பட்டுன்னு குளுந்துடும்"னு சொல்வாங்க. குளுந்துடும், ஆனா சட்டுனு நின்னுடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது, அறை ஈரத் துணி மாதிரி இருக்கும். இன்வர்ட்டர் எடுங்க, 26ல வைங்க. அதுக்குக் கீழ போனா செவரும் சிலிங்கும் பனி நிலையைத் தொட ஆரம்பிக்கும், ஷட்டர் திறக்கிறப்ப வர்ற காத்து பட்டு எல்லாம் வேர்க்கும். ஒத்தைக் குழாய் வச்ச போர்ட்டபிள் ஏர்கோன் வேண்டாம், அது உள்காத்தை வெளிய தள்ளத் தள்ள வெளிச்சூடு எந்தச் சந்துலயாவது உள்ள வந்துகிட்டே இருக்கும்.

தனி லைன், தனி பிரேக்கர், பதிவு பெற்ற வாயர்மேன், போர்ச்ல இருக்கிற பழைய பிளக்குல சொருகுற வேலை வேண்டாம். வெளி யூனிட்ட நிழல்ல, காத்து ஓடுற இடத்துல மாட்டுங்க, சில பேர் இடமில்லன்னு போர்ச்சுக்கு உள்ளயே மாட்டுறாங்க, அப்படிச் செஞ்சா குளுத்துற சூட்டை அங்கயே திருப்பி விடுற கூத்துதான். தண்ணிக் குழாய் சரிவா சாக்கடைக்குப் போகணும், வாளியில பிடிச்சு வச்சா ஏடிஸ் கொசு முட்டை போடும், சுகாதாரத் துறை வந்தா அபராதம் தீட்டிட்டுப் போவாங்க.

எல்லாம் முடிஞ்சதும் அந்த தெர்மாமீட்டர எடுத்து அதே ரெண்டு மணிக்கு, அதே இடங்களை அளந்து பாருங்க. சிலிங் காத்தோட சூட்டை விட ரெண்டு மூணு டிகிரிக்கு மேல அதிகமா காட்டினா எங்கயோ ராக்வூல் நகர்ந்திருக்கு, இல்ல இடைவெளி அடைபட்டிருக்கு. சிலிங் போர்ட திறந்து அந்த எடத்தை மட்டும் சரி பண்ணுங்க. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை கூரை கழுவுறது, மழைக் காலத்துக்கு முன்னால கூரையோரம் தண்ணி ஓடுற பீலியில அடைஞ்ச இலைய அள்ளுறது, மாசத்துக்கு ஒரு தடவை ஏர்கோன் ஃபில்டர் அலசுறது, அவ்வளவுதான் பராமரிப்பு.